பவுல்: வெளிச்சத்துக்குப் பின் வந்த வருடங்கள்

அத்தியாயம் 6

ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்கள் தங்கள் மேலாடைகளைக் கழற்றி ஓர் இளைஞரின் காலடியில் வைத்த இடத்தில் சென்ற அத்தியாயம் நின்றது. பின்னாளில் பவுல் ஆகப்போகும் சவுல் என்ற அந்த இளைஞர் கல்லைத் தொட்டதாகச் செய்தி இல்லை. துணிக்குக் காவல் நின்றார், கொலைக்கு உடன்பட்டார். அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் லூக்கா எழுதி வைத்திருப்பது அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் சும்மா நிற்கவில்லை. எருசலேமில் வீடு வீடாகப் புகுந்து, இயேசுவைப் பின்பற்றியவர்களை, பெண்கள் என்றும் பாராமல், இழுத்துச் சென்று சிறையில் தள்ளினார்.

இத்தனைக்கும் அவர் படித்தது கமாலியேலிடம். பேதுருவையும் கூட்டாளிகளையும் ஆலோசனைச் சங்கம் கொன்றுவிடத் துடித்தபோது, இவர்களை இவர்கள் போக்கில் விட்டுவிடுவதே நல்லது என்று எழுந்து பேசி உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அதே கமாலியேல். ஆசிரியரின் நிதானம் மாணவருக்குத் தொற்றவில்லை.

சவுலின் கோபத்துக்குள் ஒரு தர்க்கம் இருந்தது. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளின் சாபத்துக்கு ஆளானவன் என்பது உபாகமத்தின் சட்டம். அப்படியிருக்க, ரோமர்கள் சிலுவையில் அறைந்து கொன்ற ஒரு கலிலேயரை மேசியா என்று யாராவது சொன்னால் பரிசேயரான அவருக்கு எப்படி இருந்திருக்கும்? பிற்காலத்தில் கலாத்தியருக்கு எழுதும்போது இதே சட்டத்தை எடுத்துக்கொண்டு அதைத் தலைகீழாகத் திருப்பி வாதாடுகிறார். வருடக்கணக்கில் அவரை அரித்துக்கொண்டிருந்த வசனம் அது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அத்தனை கச்சிதமாகத் திருப்ப முடியாது.

எருசலேம் போதாதென்று தமஸ்குவுக்குப் புறப்பட்டார். சுமார் 220 கிலோமீட்டர். நடந்து போனால் ஏறக்குறைய ஒரு வாரம். அந்தப் பழைய வணிக நகரத்தில் யூதர்கள் திரளாக இருந்தார்கள். கி.பி. 66-இல் ரோமுக்கு எதிராகக் கலகம் மூண்டபோது அங்கே பத்தாயிரத்துக்கும் அதிகமான யூதர்கள் கொல்லப்பட்டதாக ஜோசிஃபஸ் எழுதுகிறார். சமூகம் எவ்வளவு பெரிது என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். சவுலின் கையில் தலைமைக் குருவின் கடிதங்கள் இருந்தன. காலக்கணக்கைப் பார்த்தால் அவர் இயேசுவை விசாரித்த அதே காய்பாவாகத்தான் இருக்க வேண்டும். ரோமின் சிரியா மாகாணத்தில், எருசலேம் குருவின் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆட்களைக் கட்டி இழுத்துவர முடியுமா என்று சரித்திர அறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகம் நியாயமானதே. ஆனால் ஜெப ஆலயத் தலைவர்களை மசியவைக்க அந்தக் கடிதம் போதுமானதாக இருந்திருக்கும்.

நகரை நெருங்கும்போது, நண்பகலில், வெளிச்சம். விழுதல், குரல், பார்வை இழப்பு. உலகத்துக்கே தெரிந்த காட்சி. 1600-ஐ ஒட்டி கரவாஜோ வரைந்து, இன்றும் ரோமின் சாந்தா மரியா தெல் போப்போலோ ஆலயத்தில் இருக்கும் ஓவியத்தில் பெரும்பகுதியைக் குதிரைதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் காலடியில் கைகளை விரித்தபடி சவுல் கிடக்கிறார். லூக்காவிடம் குதிரையே கிடையாது. கண் தெரியாதவரைக் கையைப் பிடித்து ஊருக்குள் கூட்டிப்போனார்கள் என்று மட்டும் இருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகளில் இந்தச் சம்பவம் மூன்று தடவை வருகிறது: 9, 22, 26 ஆம் அதிகாரங்களில். முதலாவதில் கூட வந்தவர்களுக்குக் குரல் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. இரண்டாவதில் வெளிச்சம் தெரிகிறது, குரல் கேட்கவில்லை. மூன்றாவதில் எல்லாருமே தரையில் விழுகிறார்கள். முரண்பாடு தேடுகிறவர்களுக்கு நல்ல தீனி. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. ஒரே எழுத்தாளர், ஒரே புத்தகத்தில், கேட்கிற கூட்டத்துக்குத் தக்கபடி கதையை மாற்றி மாற்றிச் சொல்லவைக்கிறார். அன்றைய கிரேக்கச் சரித்திர ஆசிரியர்கள் கையாண்ட முறைதான் அது.

எனக்கு ஆர்வமூட்டுவது வேறொன்று. சம்பந்தப்பட்டவரே எழுதிய வாக்குமூலம் நம் கையில் இருக்கிறது. கி.பி. 50-ஐ ஒட்டிக் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரம் அது. அதில் வெளிச்சம் இல்லை, சாலை இல்லை, குருட்டுத்தன்மை இல்லை. கடவுள் தம் குமாரனைத் தமக்கு வெளிப்படுத்தினார் என்று ஒரே வாக்கியம். அது எங்கே நடந்தது என்றுகூடச் சொல்வதில்லை. அரபு நாட்டுக்குப் போய்விட்டுத் தமஸ்குவுக்குத் திரும்பி வந்தேன் என்று போகிற போக்கில் எழுதுவதை வைத்துத்தான் இடம் தமஸ்கு என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

தாயின் வயிற்றிலேயே தம்மைக் கடவுள் பிரித்தெடுத்து அழைத்தார் என்று அந்த வாக்கியம் தொடங்குகிறது. எரேமியா தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது அப்படித்தான். ஏசாயா நூலில் வரும் ஊழியக்காரனின் பேச்சும் அப்படித்தான். இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் தாமும் ஒரு இடம் போட்டுக்கொள்கிறார் பவுல். அவர் ‘மதம் மாறிய’ நாள் என்று நாம் வழக்கமாகப் பேசுவது அவருக்கே விளங்கியிருக்காது. கி.பி. 30-களில் மாறிப் போவதற்குக் கிறிஸ்தவம் என்று தனியாக ஒரு மதம் இருக்கவில்லை. யூதராகவே இருந்தார், வேலை மாறியது. இனி அவருடைய பொறுப்பு யூதரல்லாத மக்கள்.

லூக்காவுக்குத் திரும்புவோம், ஏனென்றால் பவுல் விட்டுவிட்ட ஒரு மனிதரை அவர் காப்பாற்றி வைத்திருக்கிறார். தமஸ்குவின் நேர்த்தெருவில் யூதா என்பவரின் வீட்டில் மூன்று நாள் உண்ணாமல் குடிக்காமல் கிடந்தார் சவுல். நகரின் கிழக்கு வாசலில் தொடங்கி மேற்கே ஓடும் அந்தத் தெரு இன்றும் இருக்கிறது. இரு பக்கமும் கடைகள். அங்கே போகும்படி தரிசனத்தில் கட்டளை பெற்ற அனனியா தயங்குகிறார். இந்த ஆள் என்னவெல்லாம் செய்தான் என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறேனே என்கிறார். தயங்கத்தான் வேண்டும். சவுல் தேடிவந்த பட்டியல் என்று ஒன்று இருந்திருந்தால் அதில் அனனியாவின் பெயரும் இருந்திருக்கும். இருந்தும் போகிறார். தலைமேல் கையை வைத்து, சகோதரனே என்று கூப்பிடுகிறார். அதோடு சரித்திரத்திலிருந்து இறங்கிப் போய்விடுகிறார்.

தம் அழைப்பு மனிதரால் வந்ததல்ல என்று கலாத்தியருக்கு அடித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் பவுலுக்கு. எனவே அனனியாவுக்கு அந்தக் கடிதத்தில் இடமில்லை. வழக்குக்கு உதவாத சாட்சியை வக்கீல் கூப்பிடுவதில்லை. பவுலின் வாதத்தை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த சில வருடங்களைக் கூர்ந்து பார்த்தால், யாராவது ஒருவர் கை கொடுத்திராவிட்டால் அவர் ஒவ்வொரு கட்டத்திலும் அங்கேயே முடிந்துபோயிருப்பார் என்று தெரிகிறது.

அரபு நாடு என்றவுடன் பாலைவனத்தில் கண்மூடித் தவம் செய்யும் பவுலைப் பலர் கற்பனை செய்திருக்கிறார்கள். அவர் போனது நபத்தேய அரசின் எல்லைக்குள். பெட்ராவைத் தலைநகராகக் கொண்ட செழிப்பான வணிக அரசு அது. தென்னரேபியாவின் சாம்பிராணியும் நறுமணப் பொருள்களும் மத்தியதரைக் கடலுக்குப் போகும் வழியெல்லாம் அவர்கள் பிடியில் இருந்தது. அரியணையில் இருந்தவர் நான்காம் அரேத்தா, கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்டவர். இவருடைய மகளைத்தான் கலிலேயாவின் ஏரோது அந்திப்பா மணந்திருந்தார். பிறகு தம் சகோதரன் மனைவி ஏரோதியாளுக்காக அவளை ஒதுக்கினார். அதைக் கண்டித்ததற்காகத்தான் யோவான் ஸ்நானகனின் தலை போயிற்று என்பதை மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம். அவமானப்பட்ட மாமனார், எல்லைத் தகராறு ஒன்றும் சேர்ந்துகொள்ள, கி.பி. 36 வாக்கில் படையெடுத்து மருமகனின் சேனையை நாசமாக்கினார்.

யூதர்கள் மீது அரேத்தாவின் அரசுக்கு நல்லெண்ணம் இருந்திருக்க முடியாத இந்தக் காலத்தில்தான், ஒரு யூதர் அங்கே வந்து எல்லா அரசர்க்கும் மேலான ஓர் அரசர் வந்துவிட்டார் என்று பேசிக்கொண்டு திரிகிறார். பேசினார் என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததை வைத்து. பவுல் தமஸ்குவுக்குத் திரும்பிய பிறகு, அரேத்தாவின் அதிகாரி அவரைப் பிடிப்பதற்காக நகரத்துக்குக் காவல் போட்டார். குகையில் உட்கார்ந்து தியானம் செய்தவரை எந்த அரசும் காவல் போட்டுத் தேடாது. லூக்கா இதே சம்பவத்தைச் சொல்லும்போது அரேத்தாவை விட்டுவிட்டு, யூதர்கள் கொல்லத் திட்டமிட்டு வாசல்களில் காத்திருந்தார்கள் என்கிறார். இரண்டு தரப்பாரையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ளும் திறமை பவுலுக்கு இருந்தது என்பதால் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

தப்பிய விதம் பிரசித்தம். மதிலோடு ஒட்டிய வீட்டுச் சன்னல் வழியாகக் கூடையில் உட்காரவைத்து இறக்கிவிட்டார்கள். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், தாம் பட்ட பாடுகளை எல்லாம் அடுக்கிவிட்டுக் கடைசியாக இதைச் சொல்கிறார் பவுல். எதிரியின் கோட்டை மதிலில் முதலில் ஏறிய வீரனுக்கு ரோமப் படையில் பொற்கிரீடம் சூட்டுவார்கள். ரோமக் குடியேற்றமான கொரிந்தில் இருந்தவர்களுக்கு அது தெரியும். அவர்களிடம் போய், நான் மதிலிலிருந்து கூடையில் இறங்கியவன் என்று பெருமை பேசுகிறார். பவுலுக்கு நகைச்சுவை வராது என்கிறவர்கள் இந்தப் பகுதியை மறுபடியும் படிக்க வேண்டும். கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் பெயர்களை அவரும் சொல்லவில்லை, லூக்காவும் சொல்லவில்லை.

அழைப்பு வந்து மூன்று வருடம் கழித்துத்தான் எருசலேம் பக்கம் போனார். பேதுருவோடு 15 நாள் தங்கினார். இயேசுவின் சகோதரர் யாக்கோபைப் பார்த்தார். வேறு அப்போஸ்தலர் எவரையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்கிறார். அந்தப் பதினைந்து நாளில் என்ன பேசினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. கலிலேயக் கடலில் வலை வீசியவரும், பெரிய ஆசிரியரிடம் வேதம் படித்தவரும், இயேசுவோடு நடந்தவரும், அவருடைய ஆட்களைத் துரத்தியவரும் ஒரே கூரையின் கீழ். புதிய ஏற்பாட்டில் பதிவாகாமல் போன உரையாடல்களில் ஒன்றைக் கேட்கும் வரம் கிடைத்தால் இதைத்தான் கேட்பேன்.

எருசலேமில் யாரும் அவரை நம்பவில்லை, எல்லாரும் பயந்தார்கள் என்கிறார் லூக்கா. கையைப் பிடித்து அழைத்துப்போய் ஜாமீன் நின்றவர் பர்னபா. இயற்பெயர் யோசே, சைப்ரஸ் தீவில் பிறந்த லேவியர், நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலர் காலடியில் வைத்தவர். ஆனாலும் சவுலால் அங்கே நீடிக்க முடியவில்லை. வாதம் முற்றிக் கொலை மிரட்டல் வரைக்கும் போனதும், சகோதரர்கள் அவரைச் செசரியாத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்த் தர்சுவுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் போனபின் சபைகள் சமாதானம் பெற்றன என்று லூக்கா அடுத்த வரியிலேயே எழுதுகிறார். வேண்டுமென்றே எழுதினாரா தெரியாது. படிக்கும்போது சிரிப்பு வருகிறது.

தர்சு அவர் பிறந்த ஊர். இன்றைய துருக்கியின் தென்கரையில் சிலிசியாவின் தலைநகரம். கிட்னஸ் ஆறு நடுவே ஓடியது. கி.மு. 41-இல் மார்க் ஆண்டனியைப் பார்க்கக் கிளியோபாட்ரா தன் படகில் வந்து இறங்கியது இங்கேதான். படிப்பார்வத்தில் தர்சுக்காரர்கள் ஏதென்சையும் அலெக்சாந்திரியாவையும் மிஞ்சியவர்கள் என்று புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ புகழ்கிறார். கூடவே, மேற்படிப்புக்கு வெளியூர் போகிறவர்கள் பெரும்பாலும் ஊர் திரும்புவதில்லை என்றும் சொல்கிறார். சவுல் திரும்பியவர்களில் ஒருவர், அதுவும் வேறு போக்கிடம் இல்லாமல்.

இங்கிருந்து விளக்கு அணைந்துவிடுகிறது. சிரியா, சிலிசியா பகுதிகளுக்குப் போனேன் என்பதற்கு மேல் பவுல் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை வருடம்? கணக்குப் போட ஒரே ஒரு நங்கூரம் உண்டு. டெல்ஃபியில் கிடைத்த ஒரு கல்வெட்டு, பேரரசர் கிளாடியசின் கடிதத்தைத் தாங்கியது, கல்லியோவை அகாயாவின் அதிபதியாகக் குறிப்பிடுகிறது. தத்துவஞானி செனகாவின் அண்ணன்தான் கல்லியோ. கல்வெட்டின் காலம் கி.பி. 52. எனவே கொரிந்தில் அவர் முன் பவுல் நிறுத்தப்பட்டது 51-ஐயோ 52-ஐயோ ஒட்டி. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், எருசலேமில் அப்போஸ்தலர் கூடிப் பேசியது 48 வாக்கில். அதற்கு 14 வருடம் முன்பு என்று பவுல் ஒரு கணக்கும் 3 வருடம் என்று இன்னொரு கணக்கும் தருகிறார். அன்றைய வழக்கப்படி அரைகுறை வருடத்தையும் முழுதாக எண்ணிக்கொண்டால், அழைப்பு 33-க்கும் 36-க்கும் இடையில் எங்கோ விழும். அரேத்தா 40-இல் இறந்துவிட்டதால் கூடைச் சம்பவமும் அதற்கு முன் நடந்தாக வேண்டும், பொருந்துகிறது. ஆக, தர்சுவுக்குப் போனதிலிருந்து பர்னபா வந்து கூப்பிடும்வரை ஏழெட்டு வருடங்கள் போயிருக்கும்.

அவர் சோம்பியிருக்கவில்லை என்பதற்கு அவருடைய முதுகே சாட்சி. யூதர்களிடம் ஐந்து தடவை ஒன்று குறைய நாற்பது அடி வாங்கியதாகக் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அந்த ஐந்தில் ஒன்றுகூட லூக்காவின் புத்தகத்தில் இல்லை. அதில் இருக்கும் பயணங்களுக்கு முன்பே, இந்த இருட்டு வருடங்களில், சிலிசியாவின் ஜெப ஆலயங்களில் அவற்றில் சிலவாவது விழுந்திருக்க வேண்டும். அது ஜெப ஆலயம் தன் உறுப்பினருக்குக் கொடுக்கும் தண்டனை. எனக்கும் உங்களுக்கும் ஒட்டில்லை என்று வெளியேறியிருந்தால் அந்த வார் அவர்மேல் விழுந்திருக்காது. அவர் வெளியேறவில்லை. முதல் தடவைக்குப் பிறகும், நான்காவதுக்குப் பிறகும் மறுபடி அதே சபையில் போய் உட்கார்ந்தார்.

வயிற்றுப்பாட்டுக்கு அவருக்கு ஒரு கைத்தொழில் இருந்தது: கூடாரம் செய்வது. டாரஸ் மலை ஆடுகளின் மயிரில் நெய்த முரட்டுத்துணி தர்சுப் பகுதியின் பேர்போன சரக்கு. சிலிசியாவின் பெயராலேயே அதை ரோமர்கள் அழைத்தார்கள். பவுல் தைத்தது அந்தத் துணியா தோலா என்பது தீராத விவாதம். எதுவானாலும் வேண்டியது கத்தி, குத்தூசி, நூல். மூட்டையில் போட்டுக்கொண்டு எந்த ஊருக்கும் போகலாம். பின்னாளில் தெசலோனிக்கேயாவிலும் கொரிந்திலும் இரவும் பகலும் கைவேலை செய்து சாப்பிட்டதை அவர் அடிக்கடி நினைவூட்டுகிறார். காணிக்கை வாங்கும் உரிமை தமக்கு உண்டு என்று பக்கம் பக்கமாக நிரூபித்துவிட்டு, ஆனாலும் வாங்கமாட்டேன் என்று முடிக்கும் அந்தப் பிடிவாதத்துக்கு அடித்தளம் இந்தப் பட்டறை வாழ்க்கை என்பது என் எண்ணம். யாரும் அழைக்காத, யாரும் அனுப்பாத வருடங்களில் அவருக்குச் சோறு போட்டது அது.

மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மனிதரைத் தமக்குத் தெரியும், அது 14 வருடங்களுக்கு முன்பு நடந்தது என்று இரண்டாம் கொரிந்தியரில் அவர் வேறு யாரையோ சொல்வதுபோல் சொல்வது தம்மைத்தான். கடிதம் கி.பி. 55-ஐ அடுத்து எழுதப்பட்டது. கழித்துப் பாருங்கள், வந்து நிற்பது இதே காலம். நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய முந்தைய கடிதங்கள் எதிலும் அது இல்லை. எதிராளிகள் தங்கள் தரிசனங்களைக் கடைபரப்பியதால் வேண்டாவெறுப்பாகச் சொல்கிறார்.

இதற்கிடையில் சிரியாவின் அந்தியோகியாவில் ஒரு புதுமை நடந்துகொண்டிருந்தது. ரோமுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த பெருநகரம் அது. இன்றைய துருக்கியின் அந்தாக்யா. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்த ஊர் என்றால் பலருக்கும் நினைவு வரும். ஸ்தேவான் கொலைக்குப் பின் சிதறி ஓடியவர்களில் சைப்ரஸ், சிரேனே ஊர்க்காரர்கள் சிலர் அங்கே வந்து, யூதரல்லாத கிரேக்கர்களிடமும் இயேசுவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் பெயர்களும் நமக்குக் கிடைக்கவில்லை. சவுல் நடத்திய வேட்டைக்குத் தப்பி ஓடியவர்கள், சவுலுக்காக ஒதுக்கப்பட்டிருந்த வேலையை அவருக்கு முந்தியே ஆரம்பித்துவிட்டார்கள்.

செய்தி எட்டியதும் எருசலேம் சபை பர்னபாவை அனுப்பியது. ஆராய்ந்து வரச் சொன்ன இடத்தில் அவர் தங்கிவிட்டார். கூட்டம் பெருகப் பெருக, தன்னால் தனியாக முடியாது என்று புரிந்தது. வேதமும் தெரிய வேண்டும், கிரேக்கமும் தெரிய வேண்டும், யூதரல்லாதவர்களோடு உட்காரக் கூசவும் கூடாது. பர்னபா எருசலேமுக்கு ஆள் அனுப்பவில்லை. வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு தாமே தர்சுவுக்குப் போனார். போய்த் தேடினார், கண்டுபிடித்தார், கூட்டிவந்தார் என்று லூக்கா எழுதுகிறார். தேட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வருடம் இருவரும் அங்கே சேர்ந்து கற்பித்தார்கள். சீடர்களைக் கிறிஸ்தவர்கள் என்று முதன்முதலாக மற்றவர்கள் அழைத்தது அந்த ஊரில்தான். கிளாடியஸ் காலத்துப் பஞ்சத்தில் யூதேயாவுக்கு உதவிப் பணம் கொண்டுபோனதும் இந்த இருவரே. அந்தியோகியாச் சபையின் தலைவர்கள் ஐந்து பேரை லூக்கா வரிசைப்படுத்துகிறார்: பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனே ஊரான் லூகி, ஏரோது அந்திப்பாவோடு ஒன்றாக வளர்க்கப்பட்ட மனாயீன், சவுல். அரேத்தாவிடம் தோற்ற அரசனின் அரண்மனைத் தோழரும், அரேத்தாவின் அதிகாரியிடமிருந்து கூடையில் தப்பியவரும் ஒரே சபையில் கூட்டாளிகள். வரிசையில் சவுலின் பெயர் கடைசி.

உபவாசமிருந்து ஜெபித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பர்னபாவையும் சவுலையும் பிரித்தெடுத்து அனுப்பும்படி கட்டளை வந்தது. மற்ற மூவரும் அவர்கள்மேல் கைகளை வைத்து வழியனுப்பினார்கள். செலூக்கியா துறைமுகத்தில் சைப்ரசுக்குக் கப்பல் ஏறினார்கள். பர்னபாவுக்கு அது சொந்த ஊர். எருசலேமிலிருந்து வந்திருந்த யோவான் மாற்கு என்ற இளைஞரும் உதவிக்குக் கூட வந்தார். லூக்கா இன்னும் ‘பர்னபாவும் சவுலும்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த வரிசை மாறுவதும், சவுல் என்ற பெயர் பவுலுக்கு வழிவிடுவதும் தீவின் மறுகோடியில், பாப்போ பட்டணத்தில், செர்கியு பவுல் என்ற ரோம அதிபதியின் முன்னால்.

(தொடரும்)